சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடை: மாதவிடாய் பேட் வாங்கப் போனால் கேள்வியும் கேட்பார்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊரான சுங்கை சிப்புட்டின் கடைத்தெருவில் மருந்துக்கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. நான் எழுதுவது அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும். பெரிய கம்பெனியின் கிளை இல்லை. ஒரே கதவு, உள்ளே நாலு வரிசை அடுக்கு, கடைசியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை. பெயர் போட வேண்டாம் என்று அங்கே இருக்கும் ஃபார்மசிஸ்ட் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தமிழில் பேசி மருந்து கொடுக்கும் பெண் இருக்கும் கடை எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள்.

இருமல் மருந்து, சர்க்கரை பார்க்கும் குச்சி, பால் மாவு என்று எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான் இங்கேயும் கிடைக்கிறது. விலையும் ஒன்றும் சல்லிசு இல்லை. ஆனாலும் நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். நான் என்ன வாங்குகிறேன், எவ்வளவு வாங்குகிறேன் என்று கவனித்து, ஏன் என்று கேட்ட ஒரே ஆள் இந்தக் கடையில்தான் இருந்தார்.

நான் தையற்காரி. வயது 44. ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை எல்லாம் வீட்டிலேயே தைக்கிறேன். எல்பில், கமுனிங், டோவன்பி தோட்டங்கள் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். அளவு எடுக்கும்போது பேச்சு எங்கெங்கோ போகும்; மாமியார், பிள்ளைகள் படிப்பு, செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கும் வெயில், சம்பளப் பிடித்தம். மாதவிடாய்ப் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "எனக்கு அதிகம்தான்கா" என்று ஒருத்தி சொல்வாள். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று இன்னொருத்தி முடித்துவிடுவாள். அதிகம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்பது யாருக்கும் தெரியாதே, எதோடு ஒப்பிடுவது?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். பழைய கைலியைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டு, விடியுமுன் மரத்துக்குப் போனவர். அவருக்கும் அதிகம், பெரியம்மாவுக்கும் அதிகம். "நம்ம வம்சத்துக்கே அப்படி" என்பதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே விளக்கம். அந்த விளக்கத்தோடுதான் நானும் வளர்ந்தேன்.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் பேட் அடுக்கு. கோடெக்ஸ், லாரியர், சோஃபி, லிப்ரெஸ் எல்லாம் உண்டு. மற்ற கடைகளில் கம்பெனி வாரியாக அடுக்கியிருப்பார்கள். இங்கே உபயோகம் வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். பகலுக்கு, இரவுக்கு, 42 சென்டிமீட்டர் நீளம், ஜட்டி மாதிரியே போடும் வகை என்று தனித்தனி. நீளத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. இதில் பஞ்சு போல மேல்பக்கம் உள்ளது, வலை போல உள்ளது என்று இரண்டு இருக்கிறது. வலை வகை மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் என்னைப் போல நாள் முழுக்க மெஷினில் உட்காருபவர்களுக்குத் தொடை இடுக்கில் அரித்து எரியும். பஞ்சு வகை உடம்புக்கு இதம், ஓட்டம் கூடின நாளில் மேலே ஈரம் நிற்கும். நான் பகலுக்குப் பஞ்சும் இரவுக்கு வலையும் வாங்குகிறேன். அடுக்கின் கீழ்த்தட்டில் பெரியவர்கள் போடும் பெம்பர்ஸ், அதாவது டயபர். போன வருடம் அந்தக் கீழ்த்தட்டு வரைக்கும் நான் இறங்கியிருந்தேன்.

அப்படி ஒரு தடவை பெம்பர்ஸ் பாக்கெட்டையும் இரவு பேட் பாக்கெட்டுகளையும் சேர்த்துக் கவுண்டரில் வைத்தபோது, விலை அடித்துக்கொண்டிருந்த ஃபார்மசிஸ்ட் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல அம்மாவுக்கா அக்கா?"

"இல்லம்மா, எனக்குத்தான்."

"ஒன்னுக்கு கசியுதா?"

"அதெல்லாம் இல்ல. மாசம் வர்றப்ப போட்டுக்க."

அவர் எனக்குப் பின்னால் நின்றவரை உதவிக்கு இருக்கும் பையனிடம் அனுப்பிவிட்டு, என்னைக் கண்ணாடித் தடுப்புப் பக்கம் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். "கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்கக்கா. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மாத்துறீங்க?" என்றார்.

முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் என்றேன். பேட் இரண்டு சேர்த்து வைப்பீர்களா என்றார். ஆமாம். இரவில் மாற்றுவதற்காகவே எழுந்திருப்பீர்களா? ஆமாம், படுக்கையில் பிளாஸ்டிக் விரித்துப் படுக்கிறேன். ஏழு நாளைத் தாண்டிப் போகுமா? சில மாதம் போகும். ரத்தம் கட்டி கட்டியாக விழுமா? விழும். தன் மேசை டிராயரைத் திறந்து ஒரு 50 காசை எடுத்து என் முன்னால் வைத்து, "இதைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டார். பெரிதுதான் என்றேன். அப்புறம் அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "இதுக்காகக் கல்யாணம், கோயில்னு போகாம இருந்திருக்கீங்களா? கஸ்டமருக்குச் சொன்ன தேதியில துணி குடுக்க முடியாம போயிருக்கா?"

அந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய், 272 படியில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளைக் கலந்த புடவை என்பதால் போகவே இல்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். இதையெல்லாம் நோய் என்ற பக்கத்தில் வைத்து யோசித்ததே கிடையாது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்க ஆள் இல்லாத பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாதாரணமாக ஒரு மாதவிடாய் முழுக்கப் போகும் ரத்தம் 30, 40 மில்லிதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று முன்பு கணக்கு வைத்திருந்தார்கள். 80 மில்லி என்றால் மருந்து ஸ்பூனில் 16 ஸ்பூன், மொத்த நாளுக்கும் சேர்த்து. ஆனால் வீட்டில் யாரும் இதை அளக்க முடியாது. அதனால் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டி வகுக்கும் நைஸ் அமைப்பு 2007-இல் வேறு மாதிரி சொன்னது: உடம்பு, மனது, வேலை, வீடு என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையை இடைஞ்சல் செய்யும் அளவுக்குப் போனால் அதுவே அதிக உதிரப்போக்கு. மில்லிக் கணக்கு தேவையில்லை. "நீங்க கல்யாணத்துக்குப் போகலைன்னு சொன்னீங்களே, அது போதும்க்கா" என்றார்.

மணிக்கொரு பேட், இரண்டு மணிக்கொரு பேட் என்று தொடர்ந்து நிறைவது, 50 காசை விடப் பெரிய கட்டி, ஏழு நாளைத் தாண்டுவது, இரவில் அதற்காகவே எழுவது, பேட்டோடு இன்னொன்று சேர்த்து வைப்பது, உடை நனைந்து பாய்வது. இதில் எதுவும் 'எல்லாருக்கும் அப்படித்தான்' வகையில் சேராது.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பேட் படம் வரிசையாக இருக்கும்: லேசாகக் கறை பட்டது, பாதி நனைந்தது, முழுக்க நனைந்தது. ஒவ்வொரு நாளும் எந்தப் படத்தில் எத்தனை என்று கோடு போட வேண்டும். லேசானதற்கு 1, நடுத்தரத்துக்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சின்னக் கட்டிக்கு 1, பெரியதற்கு 5. இதை 1990-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் உருவாக்கினார்கள். கூட்டிப் பார்த்து 100-ஐத் தாண்டினால் அந்த 80 மில்லிக் கணக்கைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். கடையில் இருப்பது மலாய்த் தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவரே கையால் தமிழில் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு முதல் நாள் மாலைக்குள்ளேயே 100 வந்துவிட்டது.

தையற்காரி என்பதால் எனக்கு ஒரு குடைச்சல். முழுக்க நனைந்தது என்றால் எல்லா பேட்டிலும் ஒரே அளவா? வெட்டும் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, நான் வாங்கும் மூன்று வகையையும் கத்தரியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். பகல் பேட்டுக்குள் மெல்லிய காகிதப் பஞ்சு ஒரு அடுக்கு, அதில் சர்க்கரை போல வெள்ளைத் துகள் தூவியிருக்கிறது. இரவு பேட்டில் நடுவில் மட்டும் அடுக்கு இரட்டித்திருக்கிறது, பின்பக்கம் அகலமாக விரிந்தாலும் அங்கே துகள் குறைவு. இன்னொரு பேட்டை எடுத்து, மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து ஐந்து மில்லியாகத் தண்ணீர் விட்டேன். துகள் ஊறி வழவழவென்று கெட்டியாகிறது. தண்ணீர் விட்ட இடத்தில் மேடு தட்டி, ஓரங்கள் காய்ந்தே கிடக்கின்றன. பேட்டின் முழு நீளத்தில் பாதி வேலையே செய்யவில்லை. ஓரத்தில் கசிவது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நடுவில் இருக்கும் பஞ்சு வாங்குவதற்குள் மேலே வழிந்து ஓரத்துக்கு ஓடிவிடுகிறது.

இதை ஃபார்மசிஸ்டிடம் சொன்னபோது ரொம்ப ஆர்வமாகக் கேட்டார். ரத்தம் தண்ணீரை விடக் கெட்டி, அதனால் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும் என்றார். பேட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று உண்மையான மனித ரத்தத்தை வைத்துச் சோதித்த ஆய்வே 2023-இல்தான் வந்ததாம், அமெரிக்காவின் ஓரிகனில். ரத்த வங்கியில் காலாவதியான ரத்தத்தை வைத்துச் செய்தார்கள். அதற்கு முன் உப்புத்தண்ணீர், வெறும் தண்ணீர்தான். கனத்த நாளுக்கான பேட்டுகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம் இருந்தது; கறை தெரியாது என்று விற்கும் பீரியட் ஜட்டிகள் ரொம்பக் கொஞ்சம்தான் பிடித்தன. அவ்வளவு பெண்கள் இவ்வளவு காலமாக வாங்கும் பொருளை இத்தனை தாமதமாகத்தான் சோதித்தார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் 'கனத்த நாளுக்கு' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை மட்டும் நம்பி, 'ரெண்டு பேட்தானே ஆச்சு, அதனால எனக்கு அதிகம் இல்ல' என்று முடிவு கட்டாதீர்கள். கட்டியையும், நேரத்தையும், களைப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைக்காரர் என்றால் விற்கத்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் அன்று சத்து மாத்திரை ஒரு புட்டி கூட விற்கவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கச் சொன்னார், வெளிறியிருந்தது. ஐஸ் கட்டி கடிக்க ஆசை வருமா என்று கேட்டார். தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) குடித்து முடித்ததும் அடியில் இருக்கும் ஐஸை விடாமல் கடிப்பது என் பழக்கம், வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு ஐஸ், பச்சரிசி, மண் என்று இப்படி ஒரு ஆசை வருமாம். எங்கள் பெரியம்மா முறத்திலிருந்து பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தாளில் நான் சொன்னதையெல்லாம் சுருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டு, "இதை அரசாங்கக் கிளினிக்ல குடுங்க. ரத்தம் பாக்கணும்னு சொல்லுங்க" என்றார்.

இதற்கு முன் நான் டாக்டரையே பார்க்காமல் இல்லை. வேறொரு இடத்தில் காசு கொடுத்துப் பார்த்தேன். இந்த வயதில் இப்படித்தான், நிற்கப் போகிற நேரம் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரத்தம் பார்க்கவில்லை. அதைச் சொன்னபோது ஃபார்மசிஸ்ட் யாரையும் குறை சொல்லவில்லை. "மாதவிடாய் நிக்கிற வயசுல ஏறுமாறா வரலாம்தான். ஆனா அதுதான் காரணம்னு பாக்காமலே சொல்ல முடியாது" என்றார்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். மிஸ்ஸி (நர்ஸ்) ரத்தம் எடுத்தார். கர்ப்பமா என்றும் பார்த்தார்கள். அதிக உதிரப்போக்கில் அதையும் முதலில் பார்க்க வேண்டுமாம். ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்துமலைப் படிக்கட்டுக்கு அன்றைக்குக் காரணம் கிடைத்தது.

இரும்பு மாத்திரையை கிளினிக்கிலேயே கொடுத்தார்கள். ஆனால் அதை எப்படிச் சாப்பிடுவது என்று உட்கார வைத்துச் சொன்னது இந்தக் கடைதான், அதுவும் அவர்கள் விற்காத மாத்திரைக்கு. வெறும் வயிற்றில் எடுத்தால் நன்றாக ஏறும், வயிறு புரட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். தே தாரிக், காப்பி, பால் எதுவும் மாத்திரையோடு வேண்டாம், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தேயிலை இரும்பை ஏற விடாது. எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், இரும்பு மாத்திரை அவர்கள் உயிருக்கே ஆபத்து. என் அம்மா முருங்கைக்கீரை சூப்பும் பேரீச்சம்பழமும் போதும் என்பார். சாப்பிடுங்கள், தப்பில்லை, ஆனால் 8-இல் இருப்பதைக் கீரை மட்டும் மேலே கொண்டுவராது, கீரையில் உள்ள இரும்பு ஈரலில் உள்ளதைப் போல உடம்பில் ஏறாது என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று மனதில் நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் அடுப்பில் இருக்கும் சோறு, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) பானையில் இருக்கும் அரிசி. சோறு இருக்கிறதே என்று பார்த்தால் பானை காலியாக இருக்கலாம். சில பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் களைப்பு, முடி கொட்டுவது, படபடப்பு என்று இருக்கும். ஃபெரிட்டின் பார்த்தால் அடியில் கிடக்கும். எனவே ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது, அதற்கப்புறமும் மூன்று மாதம் போலத் தொடர்ந்தால்தான் பானை நிறையும்.

கிளினிக்கிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி (ஃபைப்ராய்டு). புற்றுநோய் வகை இல்லை. நார்க்கட்டி பெரிதா சிறிதா என்பதை விட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம், கர்ப்பப்பையின் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் சின்னக் கட்டியே நிறைய ரத்தம் போகச் செய்யும் என்று அந்த டாக்டர் படம் வரைந்து காட்டினார். காரணம் எல்லாருக்கும் இதுவே இல்லை. ஃபிகோ என்ற உலக மகளிர் மருத்துவர் கூட்டமைப்பு 2011-இல் காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்தது: சதை வளர்ச்சி, நார்க்கட்டி, ரத்தம் உறையாத கோளாறு, முட்டை சரியாக வராதது, மருந்துகளால் வருவது என்று போகும். செம்புக் காப்பர்-டி போட்டவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அதனாலேயே கூடலாம். 45 தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

என்னிடம் தைக்க வரும் பெண்கள் பாதிப் பேர் டாக்டரிடம் போகாததற்குக் காரணம், போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். எனக்குச் சொன்ன வரிசையில் அது கடைசியில்தான் இருந்தது. முதலில் மாத்திரை, அடுத்தது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 52 மில்லிகிராம் உள்ளது, உள்சவ்வை மெல்லியதாக்கி ஓட்டத்தை நன்றாகக் குறைக்கும், முதல் சில மாதம் மட்டும் திட்டுத்திட்டாகக் கறை வரும், அப்புறம் கட்டியை மட்டும் எடுப்பது. எது வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் மாத்திரையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்: டிரானெக்ஸாமிக் ஆசிட்.

இந்த மாத்திரை ஹார்மோன் இல்லை, கர்ப்பத்தைத் தடுக்காது. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஓட்டம் இருக்கும் நாளில் மட்டும் சாப்பிட வேண்டும். காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஆகாது, ஆகவே டாக்டர் சொல்லாமல் அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. கடையில் மருந்துச் சீட்டைக் கொடுத்தபோது ஃபார்மசிஸ்ட் இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றிச் சொன்னார். உதாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானியப் பெண் டாக்டரும் அவர் கணவரும், 1962-இல். பிரசவத்தில் ரத்தம் போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்றுதான் அந்த அம்மா இந்த வேலையில் இறங்கினாராம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் முதுகில் கட்டிக்கொண்டே லேபில் வேலை செய்தவர். அந்தக் காட்சியை நான் அம்மாவிடம் சொன்னேன். பால் மரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப்போனவர் என்பதால் அவருக்கு அது நன்றாகவே புரிந்தது.

என் ஓட்டம் இப்போது குறைந்திருக்கிறது. பெம்பர்ஸ் வாங்குவதில்லை.

இந்தக் கடைக்கு நான் கடன்பட்டிருப்பது இன்னொன்றுக்கும். என் மகளுக்கு 15 வயது. 'வம்சத்துக்கே அப்படி' என்று நான் சொன்ன பேச்சை ஃபார்மசிஸ்ட் விட்டுவிடவில்லை. வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகமா, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகுமா, ஈறில் கசியுமா, சும்மா இடித்தாலே கன்றிப்போகுமா என்று மகளைப் பற்றிக் கேட்டார். இரண்டுக்கு ஆமாம் என்றேன். வான் வில்பிராண்ட் என்ற உறைதல் கோளாறு குடும்பத்தில் வரக்கூடியது, அவளையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அதுவரைக்கும் வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்றார். எரிக் வான் வில்பிராண்ட் என்ற பின்லாந்து டாக்டர் 1926-இல் இதை முதன்முதலாக எழுதினார். அவர் பார்த்த குடும்பத்தில் ஒரு சிறுமி, தன் நாலாவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் 13 வயதில் இறந்துபோயிருக்கிறாள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு இதற்கு மருந்து இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும். மகளுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவுக்காகக் காத்திருக்கிறோம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு முட்டையும் உளுந்தங்களியும் கொடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. அதே அக்கறையோடு எத்தனை பேட் ஆகிறது என்று பெண் பிள்ளையிடம் கேளுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. கண்ணாடித் தடுப்பு இருந்தாலும் மேலே திறந்திருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்குப் பேசுவது எல்லாம் கேட்கும். நான் பேசிய அன்று நல்லவேளையாகக் கூட்டமில்லை. ஒரு கதவு வைத்த சின்ன அறை இருந்தால், வாய் திறக்காமல் போகும் பெண்கள் இன்னும் பேசுவார்கள். ஃபார்மசிஸ்ட் ஒருவர்தான். அவர் சாப்பாட்டுக்குப் போனால் சீட்டு மருந்து வாங்க முடியாது, உதவிக்கு இருக்கும் பையனிடம் பெண்கள் எதையும் கேட்கப் போவதில்லை. இரவு பேட் சூப்பர்மார்க்கெட்டை விட ஒன்றிரண்டு வெள்ளி கூட. 42 சென்டிமீட்டர் வகை சம்பள வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. எடுத்து வைக்கச் சொன்னால் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். மணிக்கொரு பேட் முழுக்க நனைந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போனால், அதோடு தலை சுற்றல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனவருக்கு ஒரு துளி கறை வந்தால் கூட டாக்டர் பார்க்க வேண்டும். இடையில் கறை படுவதும், கணவனோடு சேர்ந்தபின் ரத்தம் வருவதும் அதே மாதிரிதான், காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை.

போகிறவர்களுக்கு: காலையில் பென்ஷன்காரர்கள் கூட்டம், மாலை ஐந்துக்கு மேல் வேலை விட்டு வருபவர்கள் கூட்டம். மூன்று மணிக்கு மேல் போனால் உட்கார்ந்து பேசலாம். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான். படம் போட்ட தாள் இலவசம், ஆனால் கவுண்டரில் வெளியே வைப்பதில்லை, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு மாதத்துக்கு இரண்டு தாளாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதக் கணக்கை விட இரண்டு மாதக் கணக்கைக் கொண்டுபோனால் கிளினிக்கில் டாக்டருக்குப் பார்க்கச் சுலபம். தோட்டத்திலிருந்து வர முடியாதவர்களுக்காக நானும் கொஞ்சம் நகல் எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், துணி வாங்க வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.